புகையிலும் போட்டி

என் தங்கை நெய்டி நின்டெண்டோ கட்சி. அவள் புருஷன் ஜுவெனால் சேகா வெறியன். இரண்டும் எதிரெதிர் வீடியோ கேம் கம்பெனிகள். ஆளுக்கொரு பெட்டி, இரண்டுக்கும் முப்பது வயது. கல்யாண கேக்கின் மேல் அந்தப் பெட்டிகளையே சர்க்கரையில் செய்து வைத்தார்கள். எதை முதலில் வெட்டுவது என்று அங்கேயும் தகராறு.

போன மாதம் சாவோ பாவுலோவை விட்டு எங்கள் ரெசிஃபேவுக்குக் குடிவந்தார்கள். நாடு ஒன்றுதான், ஆனால் அங்கே கரண்ட் 110 வோல்ட், இங்கே 220. அந்த நினைப்பே இல்லாமல், வந்த அன்றே ஜுவெனால் தன் பெட்டியைச் சொருகினான். டப்பென்று வெடித்துப் புகை கிளம்பியது.

நெய்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "யோவ், உன் டப்பாவோட லட்சணம் தெரிஞ்சுபோச்சா? இப்ப என்னோடதைப் பாரு!"

"அடியே, சொருகாத! இந்த ஊரு கரண்டே வேற!" என்று கத்தினேன்.

"நீயும் அவர் கட்சிக்குத் தாவிட்டியாண்ணே?" என்றவள் சொருகியே விட்டாள்.

மறுபடியும் டப்!

வீடே நாறியது. சனியன், இதோடாவது இந்தச் சண்டை ஒழிந்தது என்று ஜன்னலைத் திறக்கப் போனேன்.

பின்னாலிருந்து ஜுவெனாலின் குரல் கேட்டது. "எப்படியோ, முதல்ல வெடிச்சது என்னோடது. நீ இதுலயும் ரெண்டாவதுதான்டி!"