கொக்கி தெரிந்த படம்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படம் எடுத்து அனுப்புவது அவர் உத்தியோகம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே தெருவைப் படம் எடுப்பது அவர் பைத்தியம். உத்தியோகத்துக்கு ஆபீஸ் போன். பைத்தியத்துக்குச் சொந்தப் போன். ஒன்பது வருஷமாக இரண்டையும் கலக்காமல்தான் வைத்திருந்தார். சேர்ந்த படங்களைப் பார்த்து மனைவி சொல்வது ஒன்றுதான்: "ஊரான் மூஞ்சியெல்லாம் இருக்கு. கட்டினவ மூஞ்சி ஒண்ணுகூட இல்ல."

அன்று மதியமே வானம் இருட்டிவிட்டது. ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, செருப்பு தைக்கும் பெரியவர் குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் மேல் விழுந்த வெளிச்சம்! மீட்டர்காரர் கையிலிருந்த போனைத் தூக்கி அமுக்கிவிட்டார். கையில் இருந்ததோ ஆபீஸ் போன். அதில் எடுக்கும் படம் தானாகவே மேலிடத்துக்குப் போய்விடும்.

பல்புக்கு மேலே, தெருக்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்த திருட்டு வயரும் படத்தில் இருந்தது. வயரைப் பார்ப்பதே பிழைப்பாக உள்ளவர் அன்றைக்கென்று வெளிச்சத்தை மட்டும் பார்த்தார். கலையெல்லாம் தெரியாத அதிகாரி வயரை மட்டும் பார்த்தார். மறுநாளே ஆட்கள் வந்து அறுத்துவிட்டுப் போனார்கள். "சபாஷ், நல்லா எடுத்திருக்கீங்க" என்று அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் எடுத்த படத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஒரு வாரம் வேறு சந்து வழியாகச் சுற்றிப் போனார். எட்டாம் நாள் அந்தத் தெருவிலேயே வேலை விழுந்தது. பெரியவர் குரல் கொடுத்துவிட்டார்.

"என்ன தம்பி, ஆளையே காணோம்? லைட்டைப் புடுங்கிட்டாங்க பாத்தியா? நாலு மணிக்கு மேல ஊசிக் காது தெரியல, கடையைச் சுருட்ட வேண்டியதாப் போச்சு. எல்லாம் எதிர்த்தாப்புல இருக்கிற சாவிக்காரன் வேலை. கூடவே டீ குடிச்சிட்டுக் குழி பறிச்சிட்டான். பேச்சை வெட்டிட்டேன்."

"அவர் இல்லைங்கய்யா. நான்தான்."

"நீயா! நாய் குரைச்சா கேட்டுக்கு வெளியவே நின்னு நம்பர் கேக்கற ஆளு நீ. அவனுக்காக வக்காலத்து வாங்காத, போ."

குற்றத்தை ஒப்புக்கொள்வதே பெரும்பாடு. அதை நிரூபிக்கவும் வேண்டுமென்றால்? ஆபீஸ் போனைத் திறந்து படத்தை நீட்டினார்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். விரல்களைத் தாண்டி, பல்பைத் தாண்டி, அவர் பார்வை மேலே போய் நின்றது.

"வயரு நல்லா விழுந்திருக்கு" என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து தெருவைக் கடந்தார். சாவிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் நின்றபடியே ஏதோ சொன்னார், நெடுநேரம் சொன்னார். கடைசியில் சாவிக்காரர், முகத்தை இந்தப் பக்கம் திருப்பாமலேயே, முக்காலியை மட்டும் அவர் பக்கம் தள்ளினார்.

சாய்ந்த வெயில் தொங்கும் சாவிக் கொத்துகளின் வழியாக இரண்டு பேர் மேலும் துண்டுதுண்டாக விழுந்தது. மீட்டர்காரரின் கை, அவரைக் கேட்காமலே, சொந்தப் போன் இருந்த பைக்குள் போயிருந்தது. அதை வெறுங்கையாக வெளியே எடுப்பதற்குள் தன்னை இரண்டு தரம் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.