முப்பத்தொரு வினாடி

என் மேசை இழுப்பறையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் உடம்பு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புக் கயிறு. பொத்தானை அழுத்தினால் வரும் சத்தம் சின்னதுதான். வேலைக்காக வாரத்தில் இரண்டு நாளாவது அதைக் கையில் எடுக்கிறேன். முதன்முதலில் அதை ஒரு பெண்மணியின் முன்னால் பிடித்து நின்றேன். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஜொகூரில் பிளாஸ்டிக் தொழிற்சாலை, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த இடத்திலும் மூன்று வருடம் முழுதாக இருந்ததில்லை. துரத்தியவர்கள் பாதி, நானாகக் கிளம்பியது பாதி. நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்து, நிரந்தரமாகத் தங்க ரெசிடென்ஸ் கிடைத்தபோது முப்பத்து மூன்று வயது. பாபடோயிட்டோயில் நான்கு பேரோடு ஒரு வீட்டில் தங்கி, ஈஸ்ட் டாமாக்கியில் துப்புரவுத் திரவங்களைப் பெட்டி கட்டி அனுப்பும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். வாரத்தில் நான்கு நாள் கிடங்கு. மற்ற நாட்களில் பாலிடெக்னிக்கில் டிப்ளமா.

எப்படித்தான் சேர்த்துக்கொண்டார்களோ என்ற பயம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் இருந்தது. யாராவது கதவைத் திறந்து, ஆள் மாறிவிட்டது, எழுந்து வா என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தபடியே இரண்டு வருடம் படித்தேன். டிப்ளமா முடியும் தறுவாயில் ஆசிரியர் ஒரு வழியைக் காட்டினார். பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படிப்புக்கு மாறலாம். ஒரு வேலையை எப்படிச் செய்வது, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், ஆளையும் இயந்திரத்தையும் எந்த இடத்தில் நிறுத்துவது என்று கற்றுத்தரும் படிப்பு. டிப்ளமாவை ஏற்றுக்கொண்டால் நேராக மூன்றாம் வருடத்தில் உட்காரலாம். ஏற்காவிட்டால் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும், அது என்னால் முடியாது. வேலையிடத்தில் செய்த ஓர் அறிக்கை, ஒரு நேர்காணல், இரண்டும் தேறினால் போதும் என்றார்கள். அந்த அறிக்கைக்காகத்தான் இந்த ஸ்டாப்வாட்ச். கைபேசியைப் பிடித்தால் படம் எடுப்பதாக நினைப்பார்கள் என்று ஆசிரியர்தான் கொடுத்தார்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பதினோரு வருடமாக அதே மேசையில் பெட்டி கட்டினார். அட்டையை விரித்து மடித்து, பன்னிரண்டு பாட்டில் அடுக்கி, டேப் ஒட்டி, தூக்கி, சரக்கு அடுக்கும் மரப்பலகையில் வைக்க வேண்டும். இரண்டு வருடம் அடுத்த மேசையில் நின்றவன் நான். காலையில் வலது கையால் தூக்குவார், மதியத்துக்குப் பிறகு தோள் இழுக்கிறது என்று இடது கைக்கு மாறுவார். அவர் வேகம் எனக்கு என் வேகத்தை விட நன்றாகத் தெரியும்.

கழுத்தில் கயிற்றோடு நான் போய் நின்றதும் சிரித்தார்.

“என்ன தம்பி, மணிக்கூட்டோட நிக்கிறீங்கள்? ஓட்டப் போட்டியோ?”

“யுனிவர்சிட்டிக்கு அக்கா. நீங்க எப்பவும் போல பண்ணுங்க, நான் பாத்து எழுதிக்கிறேன்.”

“ஊர் ஊராத் திரிஞ்ச பெடியன் கடைசியா என்னை அளக்க வந்திட்டார். சரி, கதைக்காதேங்கோ, எண்ணிக்கை பிழைச்சிடும்.”

முதல் பெட்டியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்பவும் போல அவர் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தவனுக்கு இருப்பதிலேயே நல்ல தட்டை எடுத்து வைப்பது போல, இருந்த வேகத்தையெல்லாம் எடுத்து என் முன்னால் வைத்தார். பெட்டிகள் பறந்தன. மெதுவாகச் செய்யுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, “தம்பிக்குப் புள்ளி கிடைக்கோணும் எல்லோ?” என்று கேட்டு இன்னும் கூட்டினார். முப்பது பெட்டிகளின் சராசரி முப்பத்தொரு வினாடி. அடுத்த மேசையிலிருந்து நான் பார்த்த அக்காவுக்கு ஒரு பெட்டி நாற்பதைத் தாண்டும்.

அறிக்கைத் தாளில் ஒரு கட்டம் உண்டு. பார்த்த வேகம் இயல்பா, இயல்பை விடக் கூடுதலா, குறைவா என்று பார்த்தவரே தீர்ப்பு எழுத வேண்டும். கூடுதல் என்று எழுதினால் கணக்கையெல்லாம் திருத்த வேண்டும், முடிந்தால் இன்னொரு நாள் திரும்ப அளக்க வேண்டும். மறுநாள் கடைசித் தேதி. நான் “இயல்பு” என்று எழுதினேன். ஒரே ஒரு சொல்.

கிடங்கில் அளக்க அனுமதி தந்த மேலாளர் ஒரு பிரதி கேட்டார், கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை பெட்டி மேசைகளுக்கு மேலே இருந்த வெள்ளைப் பலகையில் புதிய இலக்கு எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் சின்னதாக 31. எங்கிருந்து வந்த எண் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா பலகையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வேலையைத் தொடங்கினார். புதன்கிழமை ஸ்மோகோவில், இங்கே தேநீர் இடைவேளையை அப்படித்தான் சொல்கிறார்கள், அவர் மேல் தைல வாசனை அடித்தது. கோப்பையை இடது கையால் பிடித்திருந்தார்.

“தோள் எப்படி அக்கா?”

“ஒண்டுமில்லை, குளிருக்கு நோகுது. உங்கட நேர்காணல் எப்ப?”

“நாளைக்கு.”

“வடிவா உடுத்திக்கொண்டு போங்கோ. பயந்த மாதிரிக் காட்டாதேங்கோ.”

அன்று அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டினியும், சிங்கப்பூரில் கையில் தையல் போட்டதும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்த முதலாளியும் என்னை இப்படிப் பயமுறுத்தியதில்லை. அதுவரை எது போனாலும் இன்னொரு ஊர் இருந்தது. முதல்முறையாக ஓர் இடத்தில் உள்ளே போக ஆசைப்பட்டுவிட்டேன்.

நேர்காணல் காலை பத்து மணிக்கு. ஒரு பேராசிரியை, ஒரு கண்ணாடி மேசை, அதன் மேல் என் அறிக்கை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், எதுவும் சொல்லாமல் வந்துவிட வேண்டும் என்றே நினைத்திருந்தேன். அவர் படிப்பைப் பற்றிக் கேட்டார், நாடுகளைப் பற்றிக் கேட்டார். பிறகு தாளைத் திருப்பி அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்து, இந்த வேகத்தில் இவர் மதியம் மூன்று மணிக்கும் வேலை செய்வாரா என்று சாதாரணமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தைல வாசனை ஞாபகம் வந்தது. இல்லை என்றேன். ஏன் இயல்பு என்று எழுதினீர்கள் என்றார். பயந்தேன், நாள் இல்லை என்றேன். அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். கடிதம் வரும் என்றார்.

அங்கிருந்து நேராகக் கிடங்குக்குப் போய் மேலாளரிடம் எண் தவறு என்றேன். திருத்திக் கொண்டுவா, பார்க்கலாம் என்றார். அக்காவைத் திரும்ப அளக்கக் கூசியது. மற்ற மூன்று மேசைகளைக் காலையிலும் மதியத்திலும் அளந்து நாற்பத்து நான்கு என்று கொடுத்தேன். பலகையில் எண் மாற இன்னும் இரண்டு வாரம் ஆனது. அதற்குள் அக்கா வேலையை விட்டுவிட்டார். தோள் தாங்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. அழைக்கவில்லை.

கடிதம் வந்தது. டிப்ளமாவை ஏற்றுக்கொண்டார்கள், வேலை நேரத்தை அளக்கக் கற்றுத்தரும் வேலையளவைப் பாடத்தை மட்டும் திரும்பப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அரை வருடம் கூடுதலாகப் படித்து முடித்தேன்.

பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்து, த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் அக்காவைப் பார்த்தேன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு நின்றார். ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை.

“தம்பி! பாஸோ?”

“ஆமாக்கா. இப்ப வேலையில இருக்கேன்.”

“பாத்தீங்களே!” இடது கையால் என் தோளில் தட்டினார். வலது கை உடம்போடு ஒட்டி இருந்தது. “அண்டைக்கு உங்களுக்காண்டி நான் ஓடினது வீண் போகேல்லை.”

பேத்தி ஆங்கிலத்தில் யாரது என்று கேட்டாள். “நான் கெதியாப் பெட்டி கட்டி இன்ஜினியர் ஆக்கின ஆள்” என்று அக்கா சொன்னார். நான் தலையாட்டினேன். இன்றுவரை நான் சொன்ன பொய்களில் அதுதான் ஆகப் பெரியது. வாயே திறக்கவில்லை.

நேற்று ஒரு தொழிற்சாலையில் புதிதாக வந்த ஒருவரின் முன்னால் நின்றேன். மஞ்சள் ஸ்டாப்வாட்ச்சை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். பொத்தானின் மேல் வைத்த கட்டைவிரல் அப்படியே நின்றது. ஒரு மணி நேரம் போனது. அவருக்குச் சிரிப்பு அலுத்து, தோள் தளர்ந்து, நான் நிற்பது மறந்து போகும் வரை காத்திருந்தேன்.