பாஸ்போர்ட்டில் வைத்த மஞ்சள்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ர, எந்த ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத வந்த விஷயத்துக்குப் பொறுமை கேட்க எனக்கு வாய் இல்லை.

என் மகள் அன்றைக்குத் திருப்பதியில் இங்கிலீஷ் பரீட்சை எழுத முடியாமல் போனதற்கு அவள் அம்மாதான் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. காரணம் நான்.

மகள் நர்ஸ் படிப்பு முடித்தவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் சேர அந்தப் பரீட்சையில் தேற வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. பேசுவதுதான் பயம். எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பாராம், இவள் நிறுத்தாமல் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்காகக் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"நைனா, நீ கேளு. நான் சொல்லிக்கினே போறேன். புரியலன்னாலும் என் மூஞ்சியப் பாத்துக்கினு இரு, போதும்."

மாங்கூழ் கம்பெனியில் வேலை முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து, "வேர் டூ யூ லிவ்?" என்று எழுத்துக் கூட்டிக் கேட்பேன். அவள் சிரிக்காமல் பதில் சொல்வாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் பால் வாங்கிக்கொண்டு போனவர் நின்றுவிட்டார்.

"இன்னாபா, நம்ம தெருவுக்கு தொர வந்துகிறாரு! அப்டியே எங்க வூட்டு எருமையையும் ரெண்டு கேள்வி கேளு தொர!"

தெருவே சிரித்தது. மகளும் சிரித்தாள், அவள் சிரிப்பில் கேலி இல்லை. ஆனால் நான் நோட்டை மூடிவிட்டேன். மறுநாள் தலைவலி என்றேன். அதற்கு மறுநாள் ஓவர்டைம் என்றேன். பிறகு அவள் என்னைக் கேட்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தானே கேட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டாள். உள்ளே அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விடுவேன்.

என் மனைவி எதற்கும் மஞ்சள் வைப்பாள். கேஸ் புத்தகம், மகளின் சர்டிபிகேட், ஃபோன் வாங்கி வந்த அட்டைப்பெட்டி, எதையும் விட்டதில்லை. அதனால் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பே மகள் அவளிடம், "அம்மா, பாஸ்போர்ட்ல மட்டும் கைய வெக்காத. அத மெஷின்ல வெச்சிப் பாப்பாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். மனைவியும் சரி என்று விட்டுவிட்டாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கேள்வி கேட்க உட்கார முடியாதவன், இதையாவது செய்யலாமே என்று தோன்றியது. பரீட்சைக்கு முதல் நாள் மாலை இருவரும் கடைக்குப் போயிருந்தபோது, மஞ்சளைக் குழைத்து, அவள் போட்டோ இருக்கிற பக்கத்தில் நாலு மூலையிலும் வைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். எடுத்துப் பார்த்தபோதுதான் அவள் சொன்னது உறைத்தது. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டேன். சோப்பு பட்டதும் மஞ்சள் ரத்தம் மாதிரி சிவந்தது. பயத்தில் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தேன். பக்கத்தின் அடியில் எழுத்தும் அம்புக்குறியுமாக இரண்டு வரி இருந்தது. சேலைக் கரை மாதிரி ஏதோ அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன். அதில் பாதி நாரோடு வந்துவிட்டது. விசிறிக் காயவைத்து, பழையபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையில் வைத்தேன்.

மறுநாள் ரயிலில் மகள் உதடு மட்டும் அசைய இங்கிலீஷ் பேசிக்கொண்டே வந்தாள். பாகாலாவில் வண்டி நெடுநேரம் நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீ வேண்டுமா என்று கேட்டேன்.

பரீட்சை நடக்கும் இடத்தில், பாஸ்போர்ட்டை வாங்கியவர் மெஷினில் மூன்று முறை வைத்தார். அழிந்துபோன அந்த இரண்டு வரியை அது படிக்கவில்லை. புரட்டிப் பார்த்துவிட்டு, "இதி செல்லதம்மா" என்று தெலுங்கில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மகள் அவரிடம் நல்ல இங்கிலீஷில் கெஞ்சினாள். அவ்வளவு நன்றாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும், மூலைகளில் போகாமல் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

"சொன்னேனே உங்கிட்ட! இதுல மட்டும் வெக்காதன்னு!"

"நான் தொடவே இல்ல பாப்பா. சாமி சத்தியமா."

"பொய் சொல்லாதம்மா! நம்ம வூட்ல உன்ன வுட்டா வேற யாரு வெப்பாங்க?"

நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி தூரத்தில் நின்றேன்.

புது பாஸ்போர்ட் வர மாதங்கள் ஆயின. மறுபடி பணம் கட்டி, மறுபடி படித்து, தேறி, இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். ஃபோனில் ஏதாவது பேப்பர் பேச்சு வந்தால், "அம்மா, மஞ்சள் வெச்சிடாத" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பாள். மனைவி முதலில் சண்டை போட்டாள். அப்புறம் பேச்சை மாற்றினாள். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே என்னைக் கேட்டாள்:

"ஏன்யா, நானே மறந்துபோயி வெச்சிட்டிருப்பேனோ? கைப் பழக்கம் தானே?"

"வுடு, நடந்தது நடந்துபோச்சி" என்றேன். நான் செய்ததிலேயே இதுதான் கேவலம்.

போன வாரம் எதிர் வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்க இவளைக் கூப்பிட்டார்கள். "என் கை வேணாம்மா, நான் வெச்சா இன்னா ஆவும்னு தெரியாதா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே வந்து நோட்டும் பேனாவும் தேடினேன்.

இதுவரை எழுதியதை இன்று காலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த சோப்பு போட்டத இன்னொரு தபா படி."

படித்தேன்.

"பாப்பாகிட்ட நான் ஃபோன்ல சொல்லிடறேன்" என்றேன்.

"நீ சொல்ல மாட்ட. துன்னியா, தூங்கினியான்னு கேட்டுட்டு வெச்சிடுவ. எழுதினத அப்டியே போட்டோ புடிச்சி அனுப்பு. எத்தன நாள் கழிச்சி சொன்னன்னு அவளுக்குத் தெரியணும். கீழ தேதி போடு."

ஆவணி ஏழு, ஞாயிற்றுக்கிழமை, சித்தூர்.