மூக்கைத் தொடாமலே நெகட்டிவ்

நானும் மனைவியும் நாளை மறுநாள் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏற வேண்டும். கொரோனா இல்லை என்ற ரிப்போர்ட் கட்டாயம். இன்று காலை காரைக்குடியில் ஒரு லேபுக்குப் போனோம்.

அங்கிருந்தவர் பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கினார். ஐந்தே நிமிடத்தில் இருவருக்கும் நெகட்டிவ் என்று அச்சடித்து நீட்டினார்.

"இன்னும் டெஸ்டே எடுக்கலையே?" என்றேன்.

"எதுக்கு மூக்கைக் குடையணும்ணே? கப்பலுக்குப் போறவுக எல்லாரும் இப்படித்தான் வாங்கிட்டுப் போறாக. நீங்க மட்டும் ஏன் பயப்படுறீக?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கப்பலில் எத்தனை வயதானவர்கள் இருப்பார்கள்! அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, "இப்ப ஒழுங்கா எடுங்க" என்று கத்தினேன்.

எடுத்தார். மனைவிக்குப் பாசிட்டிவ். பயணம் போச்சு.

"பேசாம அதையே வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்று தனியறைக்குள்ளிருந்து கேட்கிறாள்.

யாராவது அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.