இழுப்பறைக்கு அடியில் ஒரு பெயர்

தெல்மா வாடம்ஸை விருந்துக்கு அழைத்தால் சூப் ஆறிப்போகும். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், அந்த வீட்டுப் பழைய அலமாரியின் இழுப்பறையை உருவிக் கவிழ்த்து, செய்தவர் பெயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றோர ஊர்களில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாதிப் பேருக்கு அதே வியாதி.

பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். அதற்குப்பின் ஒன்பது வருடமாக ஒரே ஆளைத் துரத்தினார்: எலிஃபலெட் ஸ்ப்ரேக். ஊர் வரலாற்றுச் சங்கத்திலிருக்கும் செர்ரி மர அலமாரியில், இழுப்பறைக்கு அடியில், சாக்பீஸால் எழுதியிருந்த பெயர். செய்த தச்சன் போட்ட கையெழுத்து என்று தெல்மா முடிவுகட்டினார். அதே சாயலில் இன்னும் ஆறு அலமாரிகளைத் தேடிப்பிடித்து, அவையும் எலிஃபலெட் செய்தவைதான் என்று அந்த ஆள் தலையில் கட்டினார். மூலை இணைப்புகள் சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்து, ஆள் இடதுகைக்காரர் என்றுகூட எழுதினார். அந்த ஆளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகவிருந்தது.

ஓர் அடிக்குறிப்பைச் சரிபார்க்க மாநில நூலகத்துக்குப் போனார். போகாமலே இருந்திருக்கலாம். 1791இல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. அப்பா ஸ்ப்ரேக் இறந்ததும் வீட்டுச் சாமான்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுத்த மூன்று பெரிய மனிதர்கள், 'அவரவர் பங்கில் அவரவர் பெயரை எழுதிவைத்தோம்' என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருந்தார்கள். செர்ரி அலமாரி, மகன் எலிஃபலெட்டுக்கு. அவர் தொழில், தோல் பதனிடுவது.

தெல்மாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுத்தோலை ஊறவைத்துக்கொண்டிருந்த மனிதனின் கையில் உளியைக் கொடுத்து ஒன்பது வருடம் கொண்டாடியிருக்கிறாரே! பங்கு பெற்றவர் பெயரைச் சாமானில் எழுதிவைக்கும் இந்த வழக்கம் அவருக்குத் தெரியாததா என்ன? மற்றவர்கள் கட்டுரையில் இதே தவறைப் பிடித்துச் சிரித்தவர்தான்.

சங்கத் தலைவர் ஹாலிஸ் பெக்வித்துக்கு விஷயத்தைச் சொன்னார்.

"ஏம்மா, அந்தக் கடுதாசிய யாரு தேடிப் போயி படிக்கப் போறா? பேசாம அச்சுக்கு விடு."

"நான் படிச்சிட்டேனே, ஹாலிஸ்."

"வாசல்ல அந்த ஆளு பேருல பலகை வேற வச்சிருக்கோம்!"

"கழட்டுங்க."

"எடது கைக்காரருன்னு அடிச்சுச் சொன்னியே?"

"எடது கைதான். யாரு கைன்னுதான் தெரியல."

அன்றைக்கே பதிப்பாளருக்குத் தொலைபேசியில் சொல்லிப் புத்தகத்தை நிறுத்தினார். அடுத்த நாள் காலை, அலமாரி மேலிருந்த அட்டையை எடுத்துவிட்டுப் புதிய அட்டையில் 'செய்தவர் யாரென்று தெரியவில்லை' என்று எழுதினார். ஹாலிஸ் பின்னாலேயே நின்று புலம்பினார்.

"பேரே இல்லாதவன் செஞ்சத இனிமே எவன் வந்து பாப்பான்?"

தெல்மா வெடுக்கென்று திரும்பினார்.

"பேருதானே போச்சு? அலமாரி இங்கதானே நிக்குது! ஒன்பது வருசமா நானே அடியில டார்ச் அடிச்சதோட சரி. இனிமேலாவது நின்னு அதைப் பாக்குறேன், தள்ளுங்க."