ரசாலி ஓட வைத்த படகு

சுமத்ராவின் ஆச்சே கரையில் படகு இன்ஜின் பழுது பார்ப்பதில் ரசாலியை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் ரோஹிங்கியா அகதிகளின் படகு நடுக்கடலில் நின்றுபோனதும் கடற்படை அதிகாரி ஒருவர் அவரைக் கூட்டிப்போனார். யாரையும் கரையில் இறக்கக் கூடாது. அரிசி, தண்ணீர், டீசல் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். அரசாங்கத்தின் மனிதாபிமானம் அவ்வளவுதான்.

“கடல்ல தவிக்கிறவங்கள விட்டுட்டு வர்றது எங்க வழக்கத்துலயே இல்ல சார்.”

“இவங்கள யார் ஏத்துக்கிறதுன்னு பக்கத்து நாடுகளோட பேச்சு நடக்குதுய்யா. நீ இன்ஜினப் பாரு!”

ரசாலி பார்த்தார். பாழாய்ப்போன இன்ஜினும் ஓடித் தொலைத்தது. காய்ச்சலில் நடுங்கிய ஒரு பெண்ணுக்குத் தன் பச்சைக் கைலியைப் போர்த்திவிட்டுத் திரும்பினார்.

அடுத்த வாரம் மீனவர்கள் ஒரு பிணத்தோடு வந்தார்கள். கடலில் பிணத்தைக் கண்டால் கரை சேர்த்தே ஆக வேண்டும், அன்று எவரும் வலை வீசக் கூடாது என்பதும் அவர்கள் வழக்கம்தான். பிணத்தைச் சுற்றியிருந்தது ரசாலியின் அதே பச்சைக் கைலி.

அதே அதிகாரி வந்து தொப்பியைக் கழற்றினார். “பாவம், இங்கேயே அடக்கம் பண்ணிடுங்க. யாரையும் கேக்க வேண்டாம்.”

“அப்ப பேச்சு முடிஞ்சிருச்சா சார்?” என்றார் ரசாலி.