முகில்மாறனின் தங்கச்சி

முகில்மாறன் ஒரு கையால் ரயிலைத் தூக்குவான். ஆனால் அவனுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கத் தெரியாது. இது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவளுக்குப் பதிலாக அவன் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனான். அவன் விரல் பட்ட கொழுந்தெல்லாம் கூழானது. மாலையில் தராசில் நிறை குறைந்தது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிட்டார். உலகத்தைக் காப்பாற்றியவனுக்கு அன்று அரைநாள் சம்பளம்.

கதை சொன்னவர் என் தாய்மாமா. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பிள்ளைகளைப் பீலியில் குளிப்பாட்டுவது அவர் பொறுப்பு. மலையிலிருந்து நேராகத் தலையில் விழும் அந்தத் தண்ணீரை நாங்கள் பொறுத்துக்கொண்டதே கதைக்காகத்தான். தலைக்குச் சோப்புப் போட்டு, கதையில் முகில்மாறனைப் பள்ளத்தாக்கின் மேல் தொங்கவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்.

முகில்மாறன், மாமாவின் சிறுவயதில் வெளிவந்து நின்றுபோன படக்கதை. நிறைய இதழ்கள் வந்தன. எங்கள் தோட்டம் வரை வந்து சேர்ந்தது ஒன்றுதான், அதற்கும் அட்டை இல்லை. மாமா படித்தது அவ்வளவே. மிச்சமெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. இது அப்போது எங்களுக்குத் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அந்தச் செய்தி வந்தது. பெரிய நாவலாசிரியர் ஒருவர் முகில்மாறனை மறுபடி எழுதுகிறாராம். எங்கள் சந்தோஷம் லயம் கொள்ளவில்லை. மாமா ஹட்டன் டவுனுக்குப் போய் முதல் புத்தகத்தை வாங்கி, சட்டைக்குள் வைத்து, மழையில் நனையாமல் கொண்டுவந்தார். வழவழப்பான வண்ணத் தாள். அதைச் சுற்றி எட்டுத் தலைகள். நான்தான் உரக்கப் படித்தேன். படிக்கப் படிக்க எங்கள் முகங்கள் மாறின. முகில்மாறன் நகரத்தில் ஏதோ மாடிக் கட்டடத்தில் தனியாக இருந்தான். தங்கச்சியைக் காணோம். என் தம்பி, நடுவில் தாள் விழுந்திருக்கிறதா என்று புத்தகத்தை உதறிப் பார்த்தான்.

"இந்த ஆளு பழசைச் சரியாப் படிக்கல போல, மாமா" என்றான்.

புதிதாக எழுதுகிறவர்கள் அப்படித்தான் மாற்றுவார்கள் என்று சொல்லிவிட்டு, மாமா விறகு பார்க்கக் கிளம்பினார்.

அடுத்த மாதம் அந்த எழுத்தாளரே ஹட்டனுக்கு வந்தார், வாசகர் கருத்துக் கேட்க. நேரில் கேட்டுவிட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். மாமா முதலில் தலைவலி என்றார், பிறகு பஸ் இருக்காது என்றார். பிள்ளை ஆசைப்படுகிறதே, கூட்டிக்கொண்டு போ என்று அம்மா அதட்டியதும் வேறு வழியில்லாமல் சட்டையை மாட்டினார்.

புத்தகக் கடைக்கு மேலே இருந்த மண்டபம் நிறைந்திருந்தது. ஓர் ஆசிரியை தமிழ் நன்றாக இருக்கிறது, ஆனால் சண்டை அதிகம் என்றார். சண்டை போதாது என்றது பின்வரிசை. கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் பழைய இதழ்கள் அத்தனையையும் பையில் கொண்டுவந்திருந்தார். நீலமாக இருந்த முகமூடி எப்படிக் கறுப்பானது என்று அவர் சண்டைக்கே நின்றார். எழுத்தாளர் சிரித்துக்கொண்டே, பழையதை ஓர் எழுத்து விடாமல் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்ததாகச் சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். மாமா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

"அப்ப தங்கச்சிய ஏன் விட்டீங்க?"

எந்தத் தங்கச்சி என்று அவர் கேட்டார். மண்டபம் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்தது. கூடை, கூழான கொழுந்து, தராசு, அரைப்பேர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பின்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யார் சொன்னது என்று எழுத்தாளர் கேட்டதும், பெருமையாக மாமாவைக் காட்டினேன்.

இளைஞர் பையைத் தூக்கிக் காட்டினார். "எல்லாம் இதுல இருக்கு. எந்தப் புத்தகத்துல அண்ணே அந்தத் தங்கச்சி?"

மாமா எழுந்து நின்றார். காதுவரை சிவந்திருந்தது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். மறுபடியும் சிரிப்பு கிளம்பியது. எழுத்தாளர் கையை உயர்த்தி அதை அடக்கினார். மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"அரைப்பேர் போட்ட பிறகு, மறுநாள் அவன் என்ன செய்தான்?"

"மறுநாளும் பெரட்டுக்குப் போனானுங்க" என்றார் மாமா, தரையைப் பார்த்து. "கை பழகணும்ல."

யாரும் சிரிக்கவில்லை. மாமா மெல்லத் தொடர்ந்தார். விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கும் அந்தப் பெரட்டில் முகில்மாறன் வரிசையில் நிற்கிறான். எங்கேயோ தூரத்தில் பாலம் இடிகிற சத்தம் அவனுக்குக் கேட்கிறது. வரிசையை விட்டுப் போனால் தங்கச்சியின் பேர் வெட்டுப்படும், அன்றைய சம்பளம் போகும். மாமாவின் தலை நிமிர்ந்திருந்தது. பீலியில் செய்வது போலவே, சரியான இடத்தில் நிறுத்தினார்.

"அப்புறம்?" என்று கேட்டது அந்தக் கண்ணாடி இளைஞர்.

"இதுவரைக்கும் அவ்வளவுதாங்க."

கைதட்டல் மாமாவுக்கா எனக்கா என்று தெரியாமல் நானும் தட்டினேன். எழுத்தாளர் இறங்கிவந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தெரிந்துகொள்ள ஆசை என்றார். பெரிய எழுத்தாளர், தான் எழுதும் கதையே தெரியாமல் எங்கள் மாமாவிடம் கேட்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. பாலம் என்ன ஆனது, முகில்மாறன் போனானா, நின்றானா என்று மாமாவைப் பிடுங்கியெடுத்தேன். எப்போது கேட்டாலும் தயங்காமல் சொல்கிறவர், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி நெற்றியைச் சொறிந்தார்.

"யோசிச்சுத்தான் சொல்லணும், புள்ள" என்றார்.

ஏற்கெனவே படித்த கதையைச் சொல்ல எதற்கு யோசிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.